வெளிநாட்டுப் படிப்பு: கல்லூரிக் கட்டணமும் ‘காட்டும் காசும்’

உயர்தரப் பரீட்சை முடிவுகள் வந்து ஒரு மாதம் போனால் போதும். கண்டி டவுனில் எந்தத் தெருவில் திரும்பினாலும் பெரிய பெரிய பதாகைகள் தொங்கும். லண்டனில் படிக்கலாம், கனடாவில் படிக்கலாம், ஆஸ்திரேலியாவில் படித்துக்கொண்டே உழைக்கலாம் என்று எழுதியிருப்பார்கள். பஸ் நிலையத்தில் இறங்கும் பிள்ளைகளின் கையில் துண்டுப் பிரசுரத்தையும் திணித்து விடுவார்கள். கலஹா, தெல்தோட்டை, ஹேவாஹெட்ட, புசல்லாவை, மடுல்கலை பக்கமிருந்து வரும் பெற்றோர் அந்தத் துண்டை மடித்து எடுத்துக்கொண்டு வந்து நம்மிடம் கேட்கிற கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “பேங்கில காசு இருக்குன்னு காட்டினா போதுமாமே, அது நம்ம காசா இருக்கணும்னு இல்லையாமே, உண்மைதானா?”

உண்மை இல்லை. ஏன் உண்மை இல்லை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்த ஒரு வார்த்தையை நம்பி நகையை அடகு வைத்தவர்களும், வட்டிக்குக் கை நீட்டியவர்களும், ஓய்வு பெற்று வந்த சேமலாப நிதியை அப்படியே தூக்கிக் கொடுத்தவர்களும் நம் தோட்டங்களில் இருக்கிறார்கள்.

முதலில் ஒரு விஷயம். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளைக்கு இரண்டு வகைப் பணம் வேண்டும். ஒன்று, கல்லூரியோ பல்கலைக்கழகமோ கேட்கிற படிப்புக் கட்டணம். மற்றது, அந்த நாட்டில் தங்கிச் சாப்பிட்டு உயிர் வாழத் தேவையான பணம். கட்டணத்தைக் கல்லூரிதான் தீர்மானிக்கும். வாழ்க்கைச் செலவு எவ்வளவு என்பதை அந்த நாட்டு அரசாங்கம் தீர்மானித்து, இவ்வளவு உன் கையில் இருக்கிறது என்பதற்கு அத்தாட்சி காட்டு, பிறகு விசா தருகிறேன் என்று சொல்லும். ஏஜென்சிக்காரர்கள் ‘காட்டும் காசு’ என்று சொல்வது முதல் வருடக் கட்டணத்தில் இன்னும் கட்டாமல் இருக்கும் பங்கும் இந்த வாழ்க்கைச் செலவும் சேர்ந்த தொகையைத்தான்.

இங்கிலாந்துக் கணக்கு

நம்மவர்கள் அதிகம் விசாரிப்பது இங்கிலாந்து என்பதால் அதையே எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இங்கே பவுண் என்று எழுதுவது அந்த நாட்டுக் காசு, கழுத்தில் போடுகிற தங்கப் பவுண் அல்ல. ஒரு பவுணை 400 ரூபா என்று வைத்துக்கொள்வோம். நாணய மாற்று தினமும் ஏறி இறங்கும், கணக்குப் பார்க்க இது போதும்.

2025 நவம்பர் 11ஆம் திகதியிலிருந்து, லண்டனுக்கு வெளியே படிக்கிற மாணவர் ஒரு மாதத்துக்கு 1,171 பவுண் வீதம் ஒன்பது மாதத்துக்குக் காட்ட வேண்டும். அது 10,539 பவுண். லண்டனுக்குள் என்றால் மாதம் 1,529, ஒன்பது மாதத்துக்கு 13,761 பவுண். கட்டணம் வருடத்துக்கு 15,000 பவுண் என்றும், அதில் 5,000 பவுணை முற்பணமாகக் கட்டி விட்டீர்கள் என்றும் வைப்போம். மிச்சம் 10,000. ஆக, லண்டனுக்கு வெளியே படிக்கப் போகிற பிள்ளை வங்கியில் காட்ட வேண்டியது 20,539 பவுண். நம் காசில் 82 லட்சத்துக்கும் மேலே.

இதோடு முடியவில்லை. விசா விண்ணப்பக் கட்டணம் 2025 ஏப்ரலில் 524 பவுணாகியது. அந்த நாட்டு ஆஸ்பத்திரி வசதிக்காக வருடத்துக்கு 776 பவுண் வீதம், படிக்கப் போகிற எல்லா வருடங்களுக்கும் சேர்த்து விண்ணப்பிக்கும்போதே கட்ட வேண்டும். மூன்று வருடப் பட்டம் என்றால் இதுவே 9 லட்சம் ரூபாவைத் தாண்டும். விசா மறுக்கப்பட்டால் ஆஸ்பத்திரிப் பணம் திரும்பி வரும், விண்ணப்பக் கட்டணம் வராது. பிளேன் டிக்கெட், ஆங்கிலப் பரீட்சைக் கட்டணம், காசநோய்ப் பரிசோதனை என்று இன்னும் இருக்கிறது.

இப்போது நம் பக்கத்துக் கணக்கு. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் சொல்லப்பட்டபடி, வருகைக் கொடுப்பனவு 200 ரூபாவும் சேர்த்து நாள் ஒன்றுக்கு 1,750 ரூபா. புருஷனும் பெண்சாதியும் இரண்டு பேரும் மாதம் 25 பேர் போட்டால், பிடிப்பு எதுவும் இல்லாமல் 87,500 ரூபா. அந்த 82 லட்சத்தைச் சேர்க்க, ஒரு சதமும் செலவழிக்காமல், ஒரு பிடி சோறும் உண்ணாமல், ஏழே முக்கால் வருடம் கொழுந்து பறிக்க வேண்டும். இதை யாரையும் மனம் நோகச் செய்வதற்காக எழுதவில்லை. துண்டுப் பிரசுரத்தில் இந்தக் கணக்கு இருக்காது என்பதற்காக எழுதுகிறோம்.

யாருடைய கணக்கில், எத்தனை நாள்?

“லண்டன்ல என் தம்பி இருக்கான், அவன் பேங்கு புத்தகத்தைக் காட்டுவான்” என்று சில தாய்மார் சொல்வார்கள். இங்கிலாந்து விசாவுக்கு அது செல்லாது. பணம் மாணவரின் சொந்தக் கணக்கில் இருக்க வேண்டும், அல்லது தாய் தகப்பனின் கணக்கில், அல்லது சட்டப்படியான பாதுகாவலரின் கணக்கில் இருக்க வேண்டும். மாமா, சித்தப்பா, அக்கா புருஷன் யாருடைய கணக்கும் ஆகாது. மாமாவுக்கு உண்மையிலேயே உதவி செய்ய மனமிருந்தால், அந்தப் பணத்தைப் பிள்ளையின் பெயருக்கோ பெற்றோர் பெயருக்கோ அனுப்பி, அது அங்கே கிடக்க விட வேண்டும்.

எவ்வளவு நாள் கிடக்க வேண்டும்? தொடர்ந்து 28 நாட்கள். இந்த 28 நாளில் ஒரு நாள்கூட, ஒரு மணி நேரத்துக்குக்கூட, மீதி குறித்த தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது. தீபாவளிச் செலவுக்கு ஐயாயிரம் எடுத்தேன், மறு நாளே போட்டு விட்டேன் என்றால், எண்ணிக்கை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த 28ஆம் நாளுக்குப் பிறகு 31 நாட்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். பிந்தினால் புதிதாக வங்கிக் கூற்று எடுக்க வேண்டும். ஆகவே சரியாக அந்தத் தொகையையே வைக்காமல் பத்தில் ஒரு பங்காவது கூடுதலாக வைப்பது புத்தி. பணம் ரூபாவில் கிடந்தால் அதை விண்ணப்பிக்கிற நாளின் நாணய மாற்றுப்படி பவுணாக மாற்றித்தான் பார்ப்பார்கள்.

இந்த இடத்தில் 2022ஆம் வருடத்தை நினைத்துப் பாருங்கள். அந்த வருடம் மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறக்குறைய 200 ரூபா. மே மாதம் 360 ரூபா. இரண்டே மாதத்தில், வங்கியில் இருந்த அதே ரூபா வெளிநாட்டுக் காசில் ஏறக்குறைய பாதி போல ஆகிவிட்டது. அப்போது பிள்ளைகளை அனுப்பியிருந்தவர்கள் அடுத்த தவணைக் கட்டணத்தைக் கட்டப் பட்ட பாடு கொஞ்சமல்ல.

எந்தப் பணம் கணக்கில் சேரும் என்பதும் முக்கியம். வங்கியில் உடனே எடுக்கக்கூடிய பணம் மட்டுமே சேரும். நகை சேராது. மாடு சேராது. சீட்டுக் கட்டிய பணம், கைமாற்றாகக் கொடுத்துள்ள பணம், லொறி, முச்சக்கர வண்டி ஒன்றும் சேராது. கடனாக எடுத்தாலும் சாதாரணத் தனிநபர் கடன் ஆகாது. படிப்புக்கென்றே நடத்தப்படும் கடன் திட்டத்திலிருந்து மாணவரின் பெயரில் எடுத்ததாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட கடனுக்கு வங்கி என்ன கேட்கும்? காணி உறுதி கேட்கும், நிரந்தரச் சம்பளமுள்ள பிணையாளர் கேட்கும். இங்கேதான் நம்மவருக்கும் டவுன்காரருக்கும் உள்ள வித்தியாசம். டவுனில் ஒரு கிளாக்கருக்குப் பத்து பேர்ச் காணியும் ஒரு உறுதியும் இருக்கும். நாமோ நான்கு தலைமுறையாக ஒரே லயத்தில் இருந்தும், அந்த லயமும் அதன் கீழுள்ள மண்ணும் நம் பெயரில் இல்லை. ஏழு பேர்ச் காணியும் உறுதியும் கிடைத்தவர்கள் இன்னும் கொஞ்சம் பேர்தான். பணம் இல்லாதது ஒரு குறை, பணத்துக்கு ஈடு வைக்க ஒன்றும் இல்லாதது அதைவிடப் பெரிய குறை. அந்த இடைவெளிக்குள்தான் வட்டிக்காரரும் சில ஏஜென்சிக்காரரும் புகுந்து கொள்கிறார்கள்.

28 நாள் வாடகைக் காசு

அவர்கள் சொல்லும் வழி இதுதான். “82 லட்சத்தை நாங்களே உங்கள் பிள்ளையின் கணக்கில் போடுகிறோம். 28 நாள் கிடக்கட்டும். விசா வந்ததும் எடுத்துக்கொள்கிறோம். வட்டியை மட்டும் தாருங்கள்.” நூற்றுக்கு ஐந்து என்று வைத்தாலும் ஒரு மாத வட்டி நான்கு லட்சத்துக்கு மேலே. விசா பிந்தினால் இரண்டு மாத வட்டி. அதற்குப் பிணையாக அடகுச் சீட்டு, வங்கிப் புத்தகம், கையெழுத்து வைத்த வெற்றுக் காசோலை, சிலரிடம் பிள்ளையின் பாஸ்போர்ட்டையே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

இதில் இரண்டு ஆபத்து உண்டு. முதலாவது, பிடிபடுவது. மாதம் இருபதாயிரம் முப்பதாயிரம் வந்து போகிற கணக்கில் திடீரென்று 82 லட்சம் விழுந்தால், விசா அதிகாரிக்குக் கண் தெரியாதா? தாய் தகப்பன் என்ன தொழில், இந்தப் பணம் எப்படி வந்தது என்று பிள்ளையை அழைத்து நேரில் விசாரிக்கவும் செய்வார்கள். கனடாவில் பொதுவாக நான்கு மாத வங்கிக் கூற்றைக் கேட்கிறார்கள், 28 நாள் கூத்து அங்கே எடுபடாது. பொய்யான வங்கிக் கடிதமோ பொய்ச் சாட்சியமோ கொடுத்தது தெரிந்தால், விசா மறுப்போடு விட மாட்டார்கள். இங்கிலாந்துக்குப் பத்து வருடம் போக முடியாது. கனடாவுக்கு ஐந்து வருடம். ஆஸ்திரேலியாவுக்கு மூன்று வருடம். பதினெட்டு வயதுப் பிள்ளையின் பெயரில் அந்தக் கறை விழுகிறது, வட்டிக்காரர் பெயரில் அல்ல. பிறகு வேறு நாட்டுக்கு விண்ணப்பித்தாலும், இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா என்ற கேள்வி படிவத்தில் இருக்கும்.

இரண்டாவது ஆபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது பிடிபடாமல் போவது. விசா கிடைத்து விடுகிறது, மாலை போட்டு அனுப்பி விடுகிறோம், வட்டிக்காரர் தன் பணத்தை எடுத்துக்கொள்கிறார். பிள்ளை போய் இறங்குகிற இடத்தில் குளிர், வீட்டு வாடகைக்கு முற்பணம், கட்டணத்தின் இரண்டாம் தவணை. கையில் ஒன்றும் இல்லை. அரசாங்கம் அந்தத் தொகையைக் காட்டச் சொன்னது சும்மா பார்ப்பதற்கு அல்ல, அது உண்மையிலேயே செலவாகப் போகிற பணம். ‘காட்டும் காசு’ என்ற பேச்சே நம்மைப் பிழையான வழியில் கொண்டு போகிறது. ‘செலவாகும் காசு’ என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் இந்த வலையில் விழ மாட்டார்கள்.

“அங்கே போனால் வேலை செய்து கட்டிக்கொள்வான்” என்பது அடுத்த பேச்சு. பட்டப் படிப்பு மாணவர் இங்கிலாந்தில் படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். 2026 ஏப்ரலிலிருந்து அந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம், 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு மணிக்கு 12.71 பவுண், 18 முதல் 20 வயதுள்ளவருக்கு 10.85 பவுண். உயர்தரம் முடித்த கையோடு போகிற பிள்ளைக்கு வாரம் 217 பவுண், மாதத்துக்குச் சராசரி 940 பவுண். அரசாங்கமே சொல்கிற வாழ்க்கைச் செலவு மாதம் 1,171. இருபத்தொரு வயது தாண்டினாலும் 1,100 அளவில்தான் வரும். வேலை ஒரு வாரமும் தவறாமல் கிடைத்தாலும் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமே காணாது, கட்டணத்துக்கு எங்கே போவது? விடுமுறைக் காலத்தில் முழு நேரமும் வேலை செய்யலாம் என்பது உண்மைதான். ஆனால் அதில் இரண்டாம் வருடத்தின் 15,000 பவுணைச் சேர்ப்பேன் என்பது பேராசை. விசா அதிகாரி முதல் வருடத்துப் பணத்தை மட்டும்தான் பார்க்கிறார். இரண்டாம், மூன்றாம் வருடக் கட்டணத்தை அவர் கேட்பதில்லை, ஆனால் கல்லூரி கேட்கும். கட்டா விட்டால் கல்லூரி பெயரை நீக்கும், பெயர் நீங்கினால் விசாவும் போகும்.

பெயர் விஷயம்

பெற்றோரின் கணக்கில் பணம் காட்டினால், இவர்தான் தாய், இவர்தான் தகப்பன் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழும், இந்தப் பணத்தைப் பிள்ளையின் படிப்புக்குப் பாவிக்கச் சம்மதம் என்று பெற்றோர் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். கேட்பதற்குச் சின்ன விஷயம். நம் தோட்டங்களில் இதுதான் பெரிய விஷயம்.

தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் அந்தக் காலத்தில் தோட்ட நிர்வாகத்தின் மூலமாகத்தான் பதிவுக்குப் போகும். எழுதியவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதினார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் லெட்சுமி என்று இருக்கும். அடையாள அட்டையில் லக்ஷ்மி. வங்கிப் புத்தகத்தில் முத்துலெட்சுமி. கலியாணப் பதிவில் வீட்டில் கூப்பிடுகிற பெயர். தகப்பனின் பெயர் ஒன்றில் முன்னால் வரும், ஒன்றில் முதலெழுத்தாக மட்டும் நிற்கும். நமக்கு இது எல்லாம் ஒரே ஆள். கொழும்பில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிற அதிகாரிக்கு இது மூன்று ஆள்.

ஆகவே பிள்ளை சாதாரண தரம் படிக்கும்போதே இந்தக் கடதாசிகளை எல்லாம் ஒரு மேசையில் பரப்பி வைத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் பிழை இருந்தால் உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள பதிவாளர் பிரிவில் திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம். இதற்கு மாதக் கணக்கில் ஆகும், விசா அவசரத்தில் செய்ய முடியாது. சின்ன வித்தியாசத்துக்குச் சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அது சான்றிதழைத் திருத்துவதற்கு ஈடாகாது. சிங்களத்திலோ தமிழிலோ உள்ள சான்றிதழை ஆங்கிலத்துக்கு மாற்றும்போது சத்தியப் பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே பாவிக்கும்படி சொல்லுங்கள். வெளிநாட்டுப் படிப்பு நடக்காமல் போனாலும் இந்த வேலை வீண் போகாது. சேமலாப நிதி எடுக்கும்போது இதே பெயர்த் தகராறுதானே நம்மை லேபர் ஒபிசுக்கும் தோட்டத்துக்குமாக அலைய வைக்கிறது?

மற்ற நாடுகள்

கனடாவில் பல வருடங்களாகத் தனி ஆளுக்கு 10,000 டொலர் காட்டினால் போதும் என்று இருந்தது. 2024 ஜனவரி முதல் அதை 20,635 ஆக்கினார்கள். 2025 செப்டெம்பரிலிருந்து 22,895 கனேடிய டொலர். ஒரு டொலர் 220 ரூபா என்று பார்த்தால் 50 லட்சம், இது வாழ்க்கைச் செலவுக்கு மட்டும். முதல் வருடக் கட்டணமும் பயணச் செலவும் தனி. அங்கே உறவினர் உதவி செய்வதாகக் கடிதம் கொடுத்து அவருடைய பணத்தைக் காட்ட இடமுண்டு. படிப்புக் காலத்தில் வாரம் 24 மணி நேரம் வேலை செய்யலாம். ஆஸ்திரேலியா 2024 மே மாதத்திலிருந்து வருடத்துக்கு 29,710 ஆஸ்திரேலிய டொலர் கேட்கிறது. விசா விண்ணப்பத்துக்கு மட்டும் 2025 ஜூலையிலிருந்து 2,000 டொலர், அதாவது கிட்டத்தட்ட 4 லட்சம் ரூபா. விசா இல்லை என்றால் அதுவும் இல்லை.

ஜெர்மனி கொஞ்சம் வேறு மாதிரி. அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் இல்லை, ஒரு மாநிலத்தில் மட்டும் வெளிநாட்டு மாணவரிடம் அரை வருடத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். ஆனால் 11,904 யூரோவை ஒரு பூட்டிய கணக்கில் போட வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். யூரோ 350 ரூபா என்றால் 41 லட்சத்துக்கு மேலே. பெரிய தொகைதான். ஆனாலும் இது கைமாறிப் போகிற பணமல்ல, பிள்ளையே மாதாமாதம் சாப்பிடப் போகிற பணம். வாடகைக் காசுக்காரரால் இதில் விளையாட முடியாது. அவருடைய பணத்தை அவரே திருப்பி எடுக்க வழியில்லை அல்லவா!

கலியாணம் முடித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மனைவி படிக்கப் போனால் புருஷனும் கூடப் போய் உழைக்கலாம் என்று இங்கிலாந்துக்கு இனியும் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 2024 ஜனவரியிலிருந்து சாதாரணப் பட்டப் படிப்பு, முதுமாணிப் படிப்பு மாணவர்கள் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு போக முடியாது.

கல்லூரி உண்மையான கல்லூரியா?

2023இல் கனடாவில் பஞ்சாப் மாணவர்கள் பலருடைய கதை வெளியே வந்தது. அவர்கள் போய்ப் படித்து, வேலைக்கும் சேர்ந்த பிறகுதான், ஆரம்பத்தில் ஏஜென்ட் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதமே போலி என்று தெரிந்தது. அந்த வருடம் டிசம்பர் முதலாம் திகதியிலிருந்து ஒவ்வொரு கடிதத்தையும் கனடா அரசாங்கம் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்யத் தொடங்கியது. கடிதம் உண்மையாக இருந்தாலும் ஆபத்து வரலாம். 2012 ஆகஸ்டில் லண்டன் மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகம் வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் உரிமையை இழந்தது. அது பெட்டிக்கடைக் கல்லூரி அல்ல, பெரிய பல்கலைக்கழகம். பிறகு அந்த உரிமை திரும்பக் கிடைத்தாலும், இடையில் மாணவர்கள் பட்ட அவதி அவர்களுக்குத்தான் தெரியும். வெளிநாட்டு மாணவரைச் சேர்க்க அனுமதியுள்ள கல்லூரிகளின் பட்டியலை இங்கிலாந்து உள்துறை வெளியிடுகிறது. பிள்ளையின் போனிலேயே பார்க்கலாம், காசு கேட்க மாட்டார்கள்.

கட்டணத்தை ஒருபோதும் ஏஜென்சியின் கணக்கில் கட்டாதீர்கள். பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள கணக்குக்கு, அனுமதிக் கடிதத்தைக் காட்டி, வங்கி மூலம் நேராக அனுப்புங்கள். விசா மறுக்கப்பட்டால் முற்பணத்தில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை அனுமதிக் கடிதத்தோடு வருகிற நிபந்தனையில் முதலே வாசியுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரத்தைச் சுவரில் மாட்டி வைத்திருப்பவரும் உண்டு. அது வேலைக்கு ஆள் அனுப்புவதற்கு உரியது, படிப்புக்கு அது உத்தரவாதம் அல்ல.

சேமலாப நிதியை நம்பியிருப்பவர்களுக்கு: வேலையில் இருக்கும்போது எடுக்கக்கூடிய 30 வீதம் வீட்டுக்கும் வைத்தியத்துக்கும் மட்டும்தான், படிப்புக்கு இல்லை. ஐம்பது வயதில் பெண்களும் ஐம்பத்தைந்தில் ஆண்களும் எடுக்கிற முழுப் பணத்தை வைத்துப் பிள்ளையை அனுப்பலாம் என்றால், அது உங்கள் உரிமை. ஆனால் ஓய்வுக்குப் பிறகு உங்களுக்கு வேறு வருமானம் இல்லை என்பதைப் பிள்ளைக்கும் சொல்லி விட்டு முடிவெடுங்கள்.

காசு காட்டாமல் படிக்க வழி

வழி இருக்கிறது. உதவிப் பணம் பெற்றுப் போகிற பிள்ளைக்கு உதவி செய்கிறவரின் கடிதமே அத்தாட்சி. இந்திய அரசாங்கம் வருடந்தோறும் இலங்கை மாணவருக்குப் புலமைப்பரிசில் தருகிறது. பட்டப் படிப்புக்கு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசில், முதுமாணிக்கு மௌலானா ஆசாத், கம்ப்யூட்டர் துறைக்கு ராஜீவ் காந்தி. கட்டணமும் கட்டுகிறார்கள், மாதச் செலவுக்கும் தருகிறார்கள். பத்திரிகையில் விளம்பரம் வரும் காலத்தைக் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே 1947இல் ஏற்படுத்திய இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியமும் இருக்கிறது. அது வெளிநாடு போவதற்கு அல்ல, இங்கே உயர்தரமும் பல்கலைக்கழகமும் படிப்பவர்களுக்கு. கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்தில் விசாரிக்கலாம். இவ்வளவு காலமாக இருந்தும் இதைப் பற்றித் தெரியாத லயங்கள் இன்னும் இருப்பது ஆச்சரியம்தான்.

எங்கள் அபிப்பிராயத்தைக் கேட்டால், முதல் பட்டத்தை இங்கேயே படிப்பது நல்லது. பேராதனைப் பல்கலைக்கழகம் நம் கண் முன்னே இருக்கிறது. அங்கே இடம் கிடைத்த பிள்ளைக்குப் படிப்புக் கட்டணம் இல்லை. மஹாபொல உதவித் தொகையை 2025 வரவு செலவுத் திட்டத்தில் 5,000இலிருந்து 7,500 ரூபாவாகக் கூட்டினார்கள். இசட் புள்ளி காணாமல் போனால் பொல்கொல்லையில் திறந்த பல்கலைக்கழகத்தின் கண்டி நிலையம் இருக்கிறது, வேலை செய்துகொண்டே படிக்கலாம். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காதவர்கள் அங்கீகாரம் பெற்ற தனியார் நிறுவனங்களில் படிக்க, 2017இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டமும் உண்டு. இங்கே பட்டம் முடித்து இரண்டு வருடம் வேலை செய்த பிள்ளை, இங்கிலாந்து அரசாங்கத்தின் செவனிங் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு வருட முதுமாணிப் படிப்பின் கட்டணம், பயணம், சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. போட்டி கடுமைதான். ஆனால் தோற்றால் போவது விண்ணப்பம் எழுதிய நேரம் மட்டும், அம்மாவின் தாலிக்கொடி அல்ல.

பணம் இருந்து, மனதும் உறுதியாக இருந்து, அனுப்பத்தான் போகிறோம் என்கிற குடும்பங்கள் ஏஜென்சிக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னால் நமது அலுவலகத்துக்கு வந்து பேசலாம். வரும்போது கல்லூரியின் அனுமதிக் கடிதம், பிள்ளையின் பாஸ்போர்ட், தாய் தகப்பன் பிள்ளை மூவரின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், கடந்த ஆறு மாத வங்கிக் கூற்று ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். ஏஜென்சியில் ஏதாவது கடதாசியில் கையெழுத்துப் போடச் சொல்லியிருந்தால், கையெழுத்துப் போடாமல் அதன் பிரதியையும் கூடவே கொண்டு வாருங்கள்.